ஃபைவ்எம் சர்வருக்குள் ஒரு ஃபோன்: வாளையாறுக்கு இரண்டு பக்கமும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம் என மூன்று செக்போஸ்ட்டுக்கும் இந்தப்பக்கம் அந்தப்பக்கம் இருந்து ஃபைவ்எம் ஆடுகிறவர்களும், அவர்களுக்காக ரோல்பிளே (ஆளுக்கொரு வேடம் ஏற்று ஆடும்) சர்வர் நடத்துகிற அட்மின்களும் ஆட்டத்துக்குள் வரும் ஃபோனைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம். கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கே உச்சரிப்புப்படி தமிழில் இருக்கின்றன. கணினியில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

1. இது நம்ம கையில இருக்கற மொபைல்ல போடற ஆப்பா?

இல்லை. ஜிடிஏ ஃபைவை கணினியில் தனிப்பட்ட சர்வர்களில் பலர் சேர்ந்து ஆட வைப்பது ஃபைவ்எம். அந்த ஆட்டத்துக்குள் உங்கள் கேரக்டரின் கையில் இருக்கிற ஃபோனைப் பற்றியது இந்தப் பக்கம். கால், மெசேஜ், கேமரா, பேங்க் எல்லாம் அதற்குள்ளேயே நடக்கும். உங்கள் நிஜ சிம்முக்கும் அதற்கும் தொடர்பில்லை. பிளேயர் தனியாக எதையும் இறக்க வேண்டாம், சர்வரில் நுழையும்போதே கோப்புகள் வந்துவிடும்.

திரையில் தெரியும் ஃபோன் உண்மையில் ஒரு வெப் பேஜ்தான். ஃபைவ்எம்முக்குள் இருக்கும் குரோமியம் உலாவி அதை ஆட்டத்தின் மேல் வரைந்து காட்டுகிறது. பின்னால் நாலு பேர் உழைக்கிறார்கள்: பணத்தையும் வேலையையும் பார்க்கும் ஃப்ரேம்வொர்க், குரலைக் கொண்டுபோகும் வாய்ஸ் ஸ்கிரிப்ட், மெசேஜை எழுதிவைக்கும் டேட்டாபேஸ், போட்டோவை வாங்கிவைக்கும் வெளி இடம். ஃபோன் வெறும் முகம். பல்வலிக்கு முகத்தில் பவுடர் பூசிப் பலனில்லை. கீழே வரும் பதில்களில் முக்கால்வாசி இந்த நாலு பேரில் யாரைப் பிடிப்பது என்பதைப் பற்றியவை.

2. ஃப்ரீயா கிடைக்கற ஃபோன் போதுமா, காசு குடுத்து வாங்கணுமா?

க்யூபிகோர் என்ற ஃப்ரேம்வொர்க்கில் ஓடும் சர்வர் என்றால் அதோடு வரும் க்யூபி-ஃபோன் இலவசம். பழசு, அழகு குறைவு, ஆனால் புரோகிராம் கோடு முழுக்கத் திறந்திருக்கிறது. திறந்த மூல ஃபோன்களில் என்பிடபிள்யூடி இன்னொன்று. அதை உங்கள் ஃப்ரேம்வொர்க்கோடு இணைக்கத் தனிப் பாலம் வேண்டும். விலைக்கு வாங்குவதில் இன்று அதிகம் காணப்படுவது எல்பி ஃபோன். இஎஸ்எக்ஸ், க்யூபிகோர், க்யூபாக்ஸ் என்ற மூன்று ஃப்ரேம்வொர்க்கிலும் ஓடும்.

பத்துப் பதினைந்து பேர் ஆடும் நண்பர்கள் சர்வருக்கு இலவச ஃபோன் தாராளம். முதல் நாளே காசைக் கொட்டாதீர்கள். ஆள் சேர்ந்து, போட்டோ ஆப்பும் கம்பெனி ஆப்பும் இல்லாமல் ரோல்பிளே நகரவில்லை என்ற நிலை வந்த பிறகு வாங்கலாம். ஆனால் பழையதிலிருந்து மாறுவதற்கும் ஒரு விலை உண்டு, 16-ஆம் கேள்வியைப் பாருங்கள்.

3. வீட்டு கம்ப்யூட்டர்லயே சர்வர் ஓட்டலாங்களா? கொழிஞ்சாம்பாறைல இருந்து ஃப்ரெண்ட் உள்ள வர முடியலைங்கறான்.

சோதனைக்கு ஓட்டலாம். வெளியிலிருந்து ஆள் வர 30120 போர்ட்டை டிசிபி, யூடிபி இரண்டிலும் ரவுட்டரில் திறக்க வேண்டும். சர்வரை நிர்வகிக்கும் டிஎக்ஸ்அட்மின் பேனலின் 40120 போர்ட்டை ஊருக்கே திறந்து வைக்காதீர்கள். சிம் போட்ட இன்டர்நெட்டிலும் பல ஏர்ஃபைபர் இணைப்புகளிலும் உங்களுக்கென்று தனிப் பொது ஐபி கிடையாது, ஒரே ஐபியைப் பல வீடுகள் பங்கிடும். அப்போது ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் நண்பர் வாசலுக்கு வெளியேதான் நிற்பார். ரவுட்டர் காட்டும் வான் (வெளி இணைய) ஐபியும், உலாவியில் 'என் ஐபி என்ன' என்று தேடினால் வருவதும் வேறு வேறாக இருந்தால் இதுதான் காரணம். வாடகை விபிஎஸ் (இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சர்வர் கணினி) எடுப்பதே வழி.

பிளேயர் பக்கம் ஒரு சேதி. எல்லையோர வீடுகளில் ஹாட்ஸ்பாட் போட்டு ஆடினால் சிம் ஒருமுறை கேரளா டவரையும் ஒருமுறை தமிழ்நாடு டவரையும் பிடிக்கும். மாறும் நேரத்தில் ஐபியும் மாறினால் ஆட்டம் அறுந்துபோகும். 'ஃபோன் ஆப் திறந்ததும் டிஸ்கனெக்ட்' என்று வரும் புகார்களில் இதுவும் உண்டு. ஆப் திறந்தது தற்செயல்.

4. இன்ஸ்டால் பண்ற வரிசை என்னங்ணா? எல்லாம் போட்டாச்சு, ஆனா ஃபோன் எழும்ப மாட்டேங்குது.

முதலில் மரியாடிபி டேட்டாபேஸ். ஃபோனோடு வரும் எஸ்க்யூஎல் கோப்பை ஹெய்டிஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் திறந்து, இடப்பக்கம் உங்கள் சர்வரின் டேட்டாபேஸைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஓட்டுங்கள். தேர்ந்தெடுக்க மறந்து ஓட்டுவது அன்றாடம் நடக்கிற தவறு. '150' எண்ணோடு ஃபாரின் கீ பிழை (ஒரு டேபிள் இன்னொன்றைச் சுட்டுவதில் வரும் பிழை) வந்தால், பெரும்பாலும் பழைய யூசர் டேபிளின் கொலேஷனும் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) புது டேபிளின் கொலேஷனும் ஒத்துப்போகவில்லை. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

அடுத்து ஃபோல்டர். கிட்ஹப்பிலிருந்து ஜிப்பாக இறக்கினால் பெயரின் கடைசியில் 'மெயின்' என்ற வால் ஒட்டிக்கொண்டு வரும், அதை வெட்டுங்கள். மற்ற ஸ்கிரிப்ட்கள் ஃபோனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும், ஆசைக்கு வேறு பெயர் வைத்தால் யாருக்கும் கேட்காது. என்பிடபிள்யூடி என்றால் சோர்ஸ் கோடு ஜிப் வேண்டாம், ரிலீஸ் பகுதியில் இருப்பதை எடுங்கள். சோர்ஸில் பில்டு செய்த முகம் இருக்காது, ஃபோன் வெறுமையாக நிற்கும்.

கடைசியாக சர்வரின் அமைப்புக் கோப்பான சர்வர் சிஎஃப்ஜி. ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் தொடங்கிவைக்கும் என்ஷூர் வரிகள் மேலிருந்து கீழாக: ஆக்ஸ்மைஎஸ்க்யூஎல் (டேட்டாபேஸ் இணைப்பு), ஆக்ஸ்லிப் (பல ஸ்கிரிப்ட்களுக்குப் பொதுவான கோடு), ஃப்ரேம்வொர்க், இன்வென்டரி (கேரக்டரின் பை), பிஎம்ஏ-வாய்ஸ் (வாய்ஸ் ஸ்கிரிப்ட்), அப்புறம் ஃபோன், ஃபோனுக்குள் ஓடும் கூடுதல் ஆப்கள் அதற்கும் கீழே. டேட்டாபேஸ் பாஸ்வேர்டில் @ இருந்தால் கனெக்ஷன் வரி குழம்பிவிடும். அந்த இடத்தில் %40 என்று எழுதுங்கள், அல்லது பாஸ்வேர்டையே மாற்றுங்கள்.

5. காசு குடுத்து வாங்கின ஃபோனு, 'என்டைட்டில்மென்ட் இல்லை'ங்குது. ஏமாத்திட்டாங்களா?

பெரும்பாலும் இல்லை. என்டைட்டில்மென்ட் என்றால் பயன்படுத்தும் உரிமை. விலைக்கு வரும் ஸ்கிரிப்ட்கள் எஸ்க்ரோ பூட்டோடு வருகின்றன. வாங்கிய சிஎஃப்எக்ஸ் (ஃபைவ்எம்மை நடத்தும் குழு) கணக்கும், சர்வர் லைசென்ஸ் கீ எடுத்த கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பாலக்காட்டு நண்பர் அவருடைய கணக்கில் வாங்கி, கோவையில் இருப்பவர் கீயில் சர்வர் ஓடினால் இந்தப் பிழைதான் வரும். வாங்கியவர் கணக்கிலேயே புதிய கீ எடுத்து சர்வர் சிஎஃப்ஜியில் போட்டு, சர்வரை முழுதாக நிறுத்தி எழுப்புங்கள்.

'புரொடெக்டட் ரிசோர்ஸை (பூட்டிய ஸ்கிரிப்ட் ஃபோல்டரை) சரிபார்க்க முடியவில்லை' என்ற பொருளில் வந்தால் அது வேறு. கோப்பு ஏற்றும்போது சிதைந்திருக்கிறது. எஃப்டிபி மென்பொருளில் டிரான்ஸ்ஃபர் வகையை பைனரி ஆக்கி மறுபடி ஏற்றுங்கள். புள்ளியில் தொடங்கும் எஃப்எக்ஸ்ஏபி கோப்பு விட்டுப்போனதா என்றும் பாருங்கள், மறைந்த கோப்பாக இருப்பதால் கண்ணில் படாது. சர்வர் ஆர்டிஃபேக்ட் (சர்வர் மென்பொருளின் பதிப்பு) மிகப் பழசாக இருந்தாலும் பூட்டு திறக்காது.

வாங்கும் இடத்திலேயே கார்டு தோற்றுப்போனால்: 2020 அக்டோபருக்குப் பிறகு நம் வங்கிகள் தரும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தொடக்கத்தில் மூடியே இருக்கும். வங்கி ஆப்பில் திறந்துவிட்டு வாங்குங்கள், வாங்கியதும் மூடிவிடுங்கள்.

6. எஃப்1 அடிச்சா ஃபோனுக்குப் பதிலா வட்டமா ஒரு மெனு வருதே?

க்யூபிகோரின் ரேடியல் மெனுவுக்கும் எஃப்1தான், எல்பி ஃபோனுக்கும் எஃப்1தான். ஒன்றை மாற்றியாக வேண்டும். மாற்றிய பிறகும் பழைய பிளேயர்களுக்கு மாறாது, இங்கேதான் அட்மின்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். ஒருவர் முதல்முறை நுழையும்போதே விசை அவருடைய கணினியில் பதிந்துவிடுகிறது. கான்ஃபிக்கில் (அமைப்புக் கோப்பில்) நீங்கள் செய்யும் மாற்றம் புதிதாக வருபவருக்கு மட்டும். மற்றவர்கள் ஆட்டத்தின் செட்டிங்ஸில், கீ பைண்டிங்ஸ் என்பதற்குள், ஃபைவ்எம் பகுதியில் அவர்களே மாற்ற வேண்டும். க்யூபி-ஃபோனுக்கு வழக்கமான விசை 'எம்'.

7. ஃபோனை யூஸ் பண்ணினா ஒரு தடவை திறக்குது, அப்புறம் பைல ஃபோனே இல்லை.

காரணம் ஆக்ஸ் இன்வென்டரி, கேரக்டரின் பையைப் பார்க்கும் ஸ்கிரிப்ட். அதில் ஒரு பொருளைப் பயன்படுத்தினால் ஒன்று தீரும் என்பதுதான் இயல்பு நிலை. பரோட்டாவுக்கு அது சரி, ஃபோனுக்கு சரியில்லை. ஐட்டம் பட்டியலில் ஃபோனுக்கு கன்ஸ்யூம் என்பதை 0 என்றும், ஸ்டாக் என்பதை ஃபால்ஸ் என்றும் வையுங்கள்.

8. கால் போகுது, எடுக்கறாங்க, டைமரும் ஓடுது. சத்தம் மட்டும் கேக்கறதில்லை.

எல்லாவற்றிலும் அதிகம் கேட்கப்படுவது இது. முதலில் ஒரு சோதனை: காலை வெட்டிவிட்டு இருவரும் ஒரே தெருவில் பக்கத்தில் நின்று பேசுங்கள். அப்போதும் கேட்கவில்லை என்றால் குற்றம் ஃபோனில் இல்லை, மைக்கிலோ வாய்ஸ் ஸ்கிரிப்டிலோ இருக்கிறது. பக்கத்தில் கேட்டு, காலில் மட்டும் கேட்கவில்லை என்றால் ஃபோனும் வாய்ஸும் கைகோத்துக்கொள்ளவில்லை.

முதல் வகையில் முதலில் பார்க்க வேண்டியது விசை. கால் எடுத்துவிட்டால் மைக் தானாகத் திறந்திருக்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், நிஜ ஃபோனின் பழக்கம். ஆட்டத்தில் புஷ் டு டாக் போட்டிருந்தால் காலிலும் அந்த விசையை, வழக்கமாக 'என்' எழுத்தை, அழுத்திக்கொண்டுதான் பேச வேண்டும். ரேடியோவுக்கான இடது ஆல்ட்டை அழுத்தி 'ஹலோ ஹலோ' என்றால் போலீஸ் சேனலில்தான் கேட்கும். கேட்டிருக்கிறது.

இரண்டாம் வகையில், பிஎம்ஏ-வாய்ஸ் ஒவ்வொரு காலுக்கும் ஒரு சேனல் எண்ணில் இருவரையும் சேர்க்கிறது. சேர்க்கச் சொல்வது ஃபோன். ஃபோனின் கான்ஃபிக்கில் வாய்ஸ் வகை வேறு பெயரில் இருந்தால் சொல்வது போய்ச் சேராது. ஒரே சர்வரில் பழைய மம்பிள் வாய்ஸ் ஸ்கிரிப்டும் பிஎம்ஏ-வும் சேர்ந்து ஓடினாலும் இதே கதி, ஒன்றைத் தூக்குங்கள். சர்வர் சிஎஃப்ஜியில் நேட்டிவ் ஆடியோ, சென்டிங் ரேஞ்ச் ஒன்லி ஆகிய இரண்டு வாய்ஸ் வரிகளும் ட்ரூ என்று இருக்கிறதா பாருங்கள். செட் இல்லை, செட்ஆர் என்று தொடங்க வேண்டும். செட் போட்டால் பிளேயர் கணினிக்கு அது போகாது.

9. தமிழ்ல மெசேஜ் அடிச்சா எல்லாம் கேள்விக்குறியா வருதுங்க. கேம்ல தமிழ் சப்போர்ட் இல்லையா?

ஆட்டத்தின் சொந்த எழுத்துருக்களில் தமிழ் இல்லை. மினிமேப்புக்கு மேலே வரும் ஆட்டத்தின் சொந்த அறிவிப்பில் தமிழ் எழுதினால் கட்டம் கட்டமாகத்தான் வரும். ஆனால் ஃபோன் ஒரு வெப் பேஜ் என்று முதல் பதிலில் சொன்னோமே, அதனால் அது விண்டோஸில் இருக்கும் நிர்மலா யூஐ எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். தமிழும் மலையாளமும் அதிலேயே இருக்கின்றன. கட்டம் வந்தால் எழுத்துரு சிக்கல். கேள்விக்குறி வந்தால் டேட்டாபேஸ் சிக்கல். இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

டேபிள் லத்தீன்1 என்ற சார்செட்டில் (எழுத்துகளைச் சேமிக்கும் முறையில்) உருவாகியிருந்தால் தமிழ் எழுத்துகளை அது கேள்விக்குறியாக மாற்றியே சேமிக்கும். அப்படிச் சேமித்த மெசேஜை மீட்க முடியாது. ஃபோன் டேபிள்களை யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றி, ஆக்ஸ்மைஎஸ்க்யூஎல் கனெக்ஷன் வரியின் கடைசியிலும் அதே சார்செட்டைச் சேருங்கள். பழைய 'யூடிஎஃப்8' என்று விட்டால் தமிழ் வரும், ஏனென்றால் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட். எமோஜி 4 பைட். ஒரு சிரிப்பு பொம்மை சேர்த்த மெசேஜ் மட்டும் போகாமல் நிற்கும்.

நீளத்திலும் ஒரு சூட்சுமம். 'நீங்கள்' என்பது நமக்கு நாலு எழுத்து, கணினிக்கு 7: ந, ஈகாரக் குறி, ங, புள்ளி, க, ள, புள்ளி. ஃபோன் 160 எழுத்து வரம்பு வைத்திருந்தால் தமிழில் அது சீக்கிரம் தீர்ந்துபோகும். வரம்பைக் கூட்டும்போது கான்ஃபிக்கில் இருக்கும் அளவு, டேபிளின் நெடுவரிசை அளவு இரண்டையும் கூட்டுங்கள்.

10. மெனு தமிழ்ல வேணும், சேட்டன்மாருக்கு மலையாளத்துல வேணும். ரெண்டும் முடியுமா?

முடியும், ஃபோன் மொழித் தேர்வைத் தந்தால். சில ஃபோன்கள் பிளேயரே செட்டிங்ஸில் மொழி மாற்ற விடும், சிலவற்றில் சர்வருக்கே ஒரு மொழிதான். மொழிக் கோப்பு பெரும்பாலும் ஜேசான் வகை. ஆங்கிலக் கோப்பை நகலெடுத்து, ஒவ்வொரு வரியிலும் வலப்பக்கத்தை மட்டும் மாற்றுங்கள். இடப்பக்கம் சாவி, தொடக்கூடாது. நெளிவு அடைப்புக்குறிக்குள் இருக்கும் சொல்லையும் தொடக்கூடாது, அங்கேதான் ஆள் பெயரும் தொகையும் வந்து உட்காரும். கடைசி வரிக்குப் பின் ஒரு கமா மிஞ்சினால் கோப்பே படிக்கப்படாது.

மொழிபெயர்க்கும்போது பாடப்புத்தகத் தமிழ் வேண்டாம். 'தவறவிட்ட அழைப்பு' என்று எழுதினால் பட்டனுக்கு வெளியே வழியும், படிப்பவரும் ஒரு நொடி யோசிப்பார். 'மிஸ்டு கால்', 'மெசேஜ்', 'செட்டிங்ஸ்' என்றே வையுங்கள். இரண்டு பக்கத்துக்காரர்களும் பேசுவது அதுதான். மலையாளத்தை மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்ந்தவர்கள் இதற்கென்றே பிறந்தவர்கள்.

11. போன மாசம் எடுத்த போட்டோ எல்லாம் காணோம். கேலரில கட்டம் மட்டும் நிக்குது.

போட்டோ உங்கள் சர்வரில் இல்லை. டேட்டாபேஸில் இருப்பது அதன் லிங்க் மட்டும். பழைய ஃபோன்கள் பலவும் டிஸ்கார்ட் என்ற அரட்டை ஆப்பின் வெப்ஹுக் (சேனலில் தானாகப் பதிவிடும் முகவரி) வழியாகப் படத்தை ஏதோ ஒரு சேனலில் போட்டு அந்த லிங்கைச் சேமித்தன. 2023 இறுதியில் டிஸ்கார்ட் ஒரு மாற்றத்தை அறிவித்தது: டிஸ்கார்டுக்கு வெளியே பயன்படும் கோப்பு லிங்க்குகள் 24 மணி நேரத்தில் காலாவதியாகும். அது நடைமுறைக்கு வந்த பிறகு வெப்ஹுக்கை நம்பிய ஃபோன்களின் கேலரி ஒவ்வொரு நாளும் காலியாகிறது.

அந்த சேனலை அழிக்காமல் வைத்திருந்தால் படம் அங்கேயே இருக்கும். கல்யாணப் போட்டோ, கேஸ் சாட்சி மாதிரி முக்கியமானவற்றை அங்கிருந்து இறக்கி வேறு இடத்தில் ஏற்றிக்கொள்ளலாம். இனிமேலுக்கு ஃபைவ்மேனேஜ் போன்ற, இந்த வேலைக்கென்றே இருக்கும் சேவைக்கு மாறுங்கள்.

12. புது போட்டோ எடுத்தா சுத்திட்டே இருக்கு, ஏறறதே இல்லை.

ஏபிஐ கீ (படம் வைக்கும் சேவை தரும் ரகசியச் சாவி) போடவில்லை, தவறான வகைக் கீ போட்டிருக்கிறீர்கள், அல்லது அந்தச் சேவையின் இட அளவு தீர்ந்துவிட்டது. சர்வர் கன்சோலிலும், பிளேயரின் எஃப்8 கன்சோலிலும் பாருங்கள், 401 அல்லது 403 என்று வந்தால் கீதான். படத்துக்கும் வீடியோவுக்கும் ஆடியோவுக்கும் தனித்தனிக் கீ கேட்கும் ஃபோன்களில் படக் கீயை மூன்றிலும் ஒட்டிவிட்டு 'வீடியோ மட்டும் வரல' என்பவர்கள் உண்டு.

கீயை சர்வர் பக்கக் கோப்பில் மட்டும் வையுங்கள். கிளையன்ட் (பிளேயர் பக்கக்) கோப்புகளும் யூஐ (திரைக்கான) கோப்புகளும் ஒவ்வொரு பிளேயரின் கணினிக்கும் போகின்றன. நோண்டத் தெரிந்த ஒருவன் போதும், உங்கள் கணக்கில் கண்ட படத்தை ஏற்றுவான். பழைய க்யூபி-ஃபோன் வெப்ஹுக் முகவரியையே பிளேயர் பக்கம் அனுப்பும், அதை விட்டு வர இதுவும் ஒரு காரணம்.

13. நம்பர் எப்படி வெக்கறது? ஒரிஜினல் மாதிரி 10 நம்பர் வெக்கலாமா?

வேண்டாம். இந்தியாவின் மொபைல் எண் 10 இலக்கம், 6 முதல் 9-க்குள் தொடங்கும். ஸ்கிரிப்ட் கண்மூடித்தனமாக உருவாக்கும் 10 இலக்க எண் யாரோ ஒருவருடைய நிஜ எண்ணாக இருக்கலாம். ஸ்ட்ரீமில் அது தெரிந்தால் நாலு பேர் கூப்பிட்டுப் பார்ப்பார்கள்.

7 இலக்கம் போதும். எல்லைப் பக்க சர்வருக்குப் பொருத்தமாக, பாலக்காட்டு எஸ்டிடி கோடு 0491, கோவை 0422 இரண்டிலிருந்தும் முன்னொட்டு எடுக்கலாம். ஆனால் முன்னால் வரும் பூஜ்ஜியத்தை விட்டுவிட்டு 491, 422 என்று வையுங்கள். டேபிளில் எண் வகை நெடுவரிசையில் சேமித்தாலோ, ஸ்கிரிப்ட் மொழியான லுவாவில் எண்ணாக மாற்றினாலோ அந்த பூஜ்ஜியம் காணாமல் போய், சேமித்த எண்ணும் கூப்பிடும் எண்ணும் ஒத்துப்போகாது. முன்னொட்டுக்குப் பின் 4 இலக்கம் என்றால் இரண்டும் சேர்ந்து 20,000 எண், எந்த சர்வருக்கும் மிச்சம்.

14. ஃபோனைத் திருடினா அவன் மெசேஜைப் படிக்க முடியுமா?

'யூனிக் ஃபோன்' அமைப்பைப் பொறுத்தது. அது அணைந்திருந்தால் எண் கேரக்டரோடு ஒட்டியிருக்கும், யார் ஃபோனை எடுத்தாலும் திறப்பது அவரவர் கணக்கு. போட்டிருந்தால் எண்ணும் மெசேஜும் அந்தப் பொருளோடு போகும், பிடுங்கியவன் பாஸ்கோடு தெரிந்தால் படிப்பான். கடத்தல் ரோல்பிளே நடக்கும் சர்வரில் இது அருமையான விஷயம். வாளையாறு செக்போஸ்ட் என்று நீங்கள் பெயர் வைத்திருக்கும் சாண்டி ஷோர்ஸ் சாலையில் லாரியை நிறுத்தி, டிரைவர் ஃபோனைச் சோதித்து, அடுத்த வண்டி எப்போது வருகிறது என்று போலீஸ் கண்டுபிடிக்கலாம்.

இதற்கு ஒவ்வொரு பொருளுக்கும் தனித் தகவல் ஏற்கும் இன்வென்டரி வேண்டும். முடிவை சர்வர் திறக்கும் முன்பே எடுங்கள். நடுவில் மாற்றினால் பழைய எண்கள் யாரோடும் ஒட்டாமல் அநாதையாகும்.

15. பேங்க் ஆப்ல ஒருத்தன் சும்மா சும்மா கோடீஸ்வரன் ஆயிடறான். எப்படி?

தொகைப் பெட்டியில் -5000 என்று போட்டு அனுப்பிப் பாருங்கள். மோசமாக எழுதிய ஆப்பில் அனுப்புகிறவர் கணக்கிலிருந்து -5000 கழிக்கப்படும். கழித்தலில் கழித்தால் கூட்டல்தானே, அவருக்கு 5,000 ஏறும், எதிராளிக்கு இறங்கும். பூஜ்ஜியத்துக்கு மேல் இருக்கிறதா, முழு எண்ணா, கணக்கில் அவ்வளவு இருக்கிறதா என்று மூன்றையும் சர்வர் பக்கம் சோதிக்க வேண்டும். ஃபோன் திரையில் மைனஸ் அடிக்க விடாமல் தடுத்தால் மட்டும் போதாது, ஏமாற்றுகிறவன் திரையைத் தொடுவதே இல்லை.

16. பழைய ஃபோனைத் தூக்கிட்டு புதுசு போட்டோம். இப்ப வேலை மெயில் ஒண்ணும் வர்றதில்லை.

க்யூபிகோரின் பல வேலை ஸ்கிரிப்ட்கள் க்யூபி-ஃபோனின் பெயரைச் சொல்லி 'செண்ட் நியூ மெயில்' என்று கூப்பிடும். அந்த வீட்டில் இப்போது ஆள் இல்லை, பிழையும் காட்டாது, மெயில் காற்றில் போகும். எல்லா ஸ்கிரிப்டிலும் க்யூபி-ஃபோன் என்று தேடி, புதிய ஃபோனின் மெயில் எக்ஸ்போர்ட்டுக்கு (மற்ற ஸ்கிரிப்ட்கள் கூப்பிடத் தரும் கட்டளைக்கு) மாற்றுங்கள். விஎஸ் கோடு எடிட்டரில் ரிசோர்சஸ் ஃபோல்டரையே திறந்து தேடினால் ஒரு மாலைப்பொழுது வேலை. பூட்டிய ஸ்கிரிப்ட் என்றால் அதன் கான்ஃபிக்கில் ஃபோன் தேர்வு இருக்கிறதா பாருங்கள்.

பயந்துகொண்டு இரண்டு ஃபோனையும் சேர்த்து ஓட்டாதீர்கள். இரண்டும் ஒரே ஃபோன் பொருளுக்கு அடித்துக்கொள்ளும், கேரக்டர் கையில் இரண்டு ஃபோன் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

17. வாட்ஸ்அப், இன்ஸ்டா ஐகானே வெச்சா என்ன? சந்தா கட்டறவங்களுக்கு கேம் காசு குடுக்கலாமா?

ரெண்டும் கூடாது. 2022 நவம்பரில் ஜிடிஏவை உருவாக்கிய ராக்ஸ்டார் ரோல்பிளே சர்வர்களுக்கான விதிகளை வெளியிட்டது. நிஜ பிராண்டுகள், அவற்றின் வணிகச் சின்னங்கள், பாட்டு ஆகியவற்றைப் பயன்படுத்துவது, ஆட்டக் காசை விற்பது, லூட் பாக்ஸ் (உள்ளே என்ன என்று தெரியாமல் வாங்கும் பரிசுப் பெட்டி), ஸ்பான்சர் விளம்பரம், கிரிப்டோ எல்லாம் அதில் தடை. 2023 ஆகஸ்டில் ஃபைவ்எம்மின் சிஎஃப்எக்ஸ் குழுவே ராக்ஸ்டாருக்குள் போய்விட்டது, ஆகவே 'யார் பார்க்கப்போறா' என்ற வாதம் எடுபடாது.

ஆட்டத்துக்குள்ளேயே லைஃப்இன்வேடர், ப்ளீட்டர், மேஸ் பேங்க், ஃப்ளீகா என்று கேலிப் பெயர்கள் நிறைய உண்டு. அல்லது சொந்தமாக வையுங்கள். மெசேஜ் ஆப்புக்கு 'தண்டோரா' என்று பெயர் வைத்தால் பச்சை ஐகானை விட ரசனையாக இருக்கும்.

18. ஃபோன் திறந்தா கேம் லாக் அடிக்குது.

எஃப்8-இல் ரெஸ்மான் 1 என்று அடித்தால் ஒவ்வொரு ஸ்கிரிப்டும் எடுக்கும் நேரம் தெரியும், அதில் ஃபோனின் வரியைப் பாருங்கள். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு மொத்தமே 16.67 மில்லிசெகண்ட். மூடிய ஃபோன் 0.0-க்கு அருகில் நிற்க வேண்டும். மூடியபோதே எகிறினால் ஸ்கிரிப்டில் ஓயாத லூப் இருக்கிறது, எழுதியவரிடம் சொல்லுங்கள். திறந்தால் மட்டும் திணறினால் பெரிய வால்பேப்பர், கேலரியில் வீடியோக்கள், ஓடவிட்ட பாட்டு ஆப் என்று ஒவ்வொன்றாகக் குறைத்துப் பாருங்கள். 4கே படத்தை உள்ளங்கை அளவு திரைக்கு வைப்பதில் புண்ணியமில்லை.

அப்டேட் போட்ட பிறகு ஒருவருக்கு மட்டும் பழைய முகம் தெரிந்தால் காரணம் அவர் கணினியின் கேஷ் (சேமித்துவைத்த பழைய கோப்புகள்). ஃபைவ்எம் அப்ளிகேஷன் டேட்டா, அதற்குள் டேட்டா ஃபோல்டர், அதில் சர்வர்-கேஷ்-ப்ரைவ் மட்டும் அழித்தால் போதும். கேம்-ஸ்டோரேஜ் என்பதைத் தொடாதீர்கள், மறுபடி பெரிய டவுன்லோடு ஆகும்.

19. ஃபோனை மூடியாச்சு, மவுஸ் அம்பு போக மாட்டேங்குது. நடக்கவும் முடியல.

ஃபோன் திறக்கும்போது மவுஸையும் கீபோர்டையும் ஆட்டத்திடமிருந்து வாங்கிக்கொள்கிறது, மூடும்போது திருப்பித் தர வேண்டும். மூடும் நேரத்தில் பிழை வந்தாலோ, ஃபோன் திறந்திருக்கையில் கேரக்டர் செத்தாலோ, அட்மின் அதே நேரத்தில் ரிசோர்ஸை ரீஸ்டார்ட் செய்தாலோ திருப்பித் தராமல் விட்டுவிடலாம். எஸ்கேப் இரண்டு முறை, பிறகு ஃபோன் விசை. அதற்கும் மசியாவிட்டால் எஃப்8-இல் க்விட் அடித்து மறுபடி வாருங்கள். ஆள் இருக்கும்போது ஃபோனை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள், நடந்துகொண்டிருக்கும் கால்கள் பாதியில் தொங்கும்.

20. ஒருத்தன் லீக் ஆன ஃபோன் ஃபைல் தர்றேங்கறான். போடலாமா?

அதைத் தருகிறவனுக்கு உங்கள் மேல் என்ன பாசம் என்று முதலில் யோசியுங்கள். லீக் ஸ்கிரிப்ட்களில் பின்கதவு வைப்பது ஊரறிந்த தொழில். நீளமாக அர்த்தமில்லாத எழுத்துக் கோவை ஒன்றிருக்கும், சர்வர் எழும்பியதும் அது வெளி முகவரியிலிருந்து வேறு புரோகிராமை இறக்கி ஓட்டும். அதன் பிறகு அட்மின் அவன்தான். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, லைசென்ஸ் கீ, 12-ஆம் பதிலில் சொன்ன ஏபிஐ கீ எல்லாம் அவன் கையில்.

ஏற்கெனவே போட்டிருந்தால் அந்த ஃபோல்டரை மட்டும் நீக்கினால் போதாது, அது மற்ற ரிசோர்ஸ்களிலும் தன்னை எழுதிவைத்திருக்கலாம். டேட்டாபேஸை மட்டும் காப்பி எடுத்து, ரிசோர்ஸ்களை மூல இடத்திலிருந்து புதிதாக இறக்கி, எல்லாக் கீயையும் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

21. போலீஸ் என் ஃபோனைப் புடுங்கிட்டாங்க. டிஸ்கார்ட்ல ஃப்ரெண்டுக்கு சொன்னா மெட்டா ஆகுமா?

ஆகும். கேரக்டருக்குத் தெரிய வழியில்லாததை ஆட்டத்துக்கு வெளியே அறிந்து ஆடுவதுதான் மெட்டா. கேரக்டர் கையில் ஃபோன் இல்லாதபோது அவருக்குத் தெரிந்தது வெளியே போக வழியில்லை. கோபாலபுரத்தில் ஒரே வீட்டில் இரண்டு கணினியில் உட்கார்ந்து ஆடும் அண்ணன் தம்பிக்கும் இதே விதி, பக்கத்து நாற்காலியில் சொல்வதும் டிஸ்கார்டில் சொல்வதும் ஒன்றுதான்.

அட்மின் பக்கம் இதைக் கட்டாயமாக்க வழி இருக்கிறது. விலங்கு மாட்டினாலோ, மயங்கிக் கிடந்தாலோ ஃபோனை முடக்கும் எக்ஸ்போர்ட் பெரும்பாலான ஃபோன்களில் உண்டு, போலீஸ், ஆம்புலன்ஸ் ஸ்கிரிப்ட்கள் அதைக் கூப்பிட வேண்டும். அவிழ்க்கும்போது மறுபடி திறந்துவிடும் வரியையும் சேர்த்து எழுதுங்கள். அதை மறந்தால், ஜாமீனில் வந்தவர் சர்வரை விட்டு வெளியேறி மறுபடி நுழையும்வரை ஃபோன் திறக்காமல், அடுத்த புகார் டிக்கெட்டில் 'ஃபோன் கெட்டுப்போச்சு' என்று எழுதுவார்.